கடலோர மாளிகையும் பூட்டிக் கிடக்கும் வீடும்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். ரயிலில் இரண்டு இரவுகள். இறங்கியதும் ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம், குலதெய்வத்துக்கு ஓர் அபிஷேகம், அத்தை வீட்டில் ஒரு பகல், சித்தப்பா வீட்டில் ஓர் இரவு. பிறகு வடகமும் அப்பளமும் காப்பிப் பொடியும் நிறைந்த மூட்டைகளோடு மீண்டும் ரயில். இதற்கிடையே ஊரைப் பார்ப்பதற்குப் பொழுது ஏது? தஞ்சைத் தரணியைப் பூர்வீகமாகக் கொண்ட நம்மவர் குழந்தைகளில் எத்தனை பேர், பாட்டன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் இருக்கும் கடலைக் கண்டிருப்பார்கள்?

இந்தக் குறையைச் சிறிதாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூன்று குடும்பத்தார் சேர்ந்து, உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு நடுவே மூன்று நாட்களை ஒதுக்கிக்கொண்டு, தரங்கம்பாடிக் கடற்கரையில் உள்ள ஒரு பழைய பங்களாவில் தங்கினோம். அந்த மாளிகையின் அமைப்பும் வரலாறும் சுவையானவை. அதைக் காட்டிலும் முக்கியமானது அது நம்மைப் போன்றவர்களிடம் கேட்கும் ஒரு கேள்வி. இரண்டையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அலை பாடும் ஊர்

தரங்கம்பாடி மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. 1926ஆம் ஆண்டு மயிலாடுதுறையிலிருந்து இவ்வூருக்கு ரயில் பாதை போட்டார்கள். 1986இல் அது நின்றுபோயிற்று. இப்போது பஸ்ஸிலோ வாடகைக் காரிலோதான் போகவேண்டும். பழைய கல்வெட்டில் சடங்கன்பாடி என்றும் குலசேகரன் பட்டினம் என்றும் இவ்வூர் குறிக்கப்படுகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் ஆலயம் இன்றும் கரையில் நிற்கிறது. ஆனால் அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

1620ஆம் ஆண்டு, டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் தூதுவராக ஓவே கெத்தே என்ற இளம் தளபதி கப்பலில் வந்தார். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அச்சமயம் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி டேனிஷ் மன்னருக்கு நாயக்கர் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஆண்டில் எழும்பிய டான்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் சீகன்பால்கு பாதிரியார் இவ்வூரில் கால் வைத்ததும், சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் அமைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் நம்மில் பலர் அறிந்த செய்தியே.

1845இல் டேனிஷ்காரர்கள் இவ்வூரையும், வங்காளத்தில் தங்கள் வசம் இருந்த சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதன்பின் 1860 வரை தஞ்சை ஜில்லாவின் தலைநகரமே தரங்கம்பாடிதான். கலெக்டர் துரை வசித்ததும் இங்கேதான். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வணிகம் அங்கே போயிற்று, தரங்கம்பாடி உறங்கலாயிற்று. அந்த உறக்கமே ஒருவகையில் அதைக் காத்தது என்று சொல்லவேண்டும். பணம் பெருகியிருந்தால் பழைய வீதிகள் என்றோ இடிபட்டிருக்கும்.

1792இல் கட்டிய நகர வாயிலின் வழியே நுழைந்து, நேரே செல்லும் இராஜ வீதியில் நடந்தால், ஓசை அடங்கிய அந்தத் தெருவின் முடிவில் கோட்டை மைதானமும் கடலும் தெரியும். அங்கேதான் நாங்கள் தங்கிய பங்களா இருக்கிறது. முன்பு ஆங்கிலேயக் கலெக்டரின் இல்லமாக இருந்து, பின்னர் சிதிலமடைந்து கிடந்த அதை, தில்லியைச் சேர்ந்த நீம்ரானா நிறுவனத்தார் சீர்படுத்தி விடுதியாக்கினார்கள். தில்லி வாசகர்களுக்கு நீம்ரானா புதிய பெயர் அல்ல. ஜெய்ப்பூர் சாலையில் உள்ள 15ஆம் நூற்றாண்டுக் கோட்டையை 1986இல் இடிபாடாக வாங்கி, 1991இல் விடுதியாகத் திறந்தவர்கள் அவர்களே.

காற்றுக்காகக் கட்டிய வீடு

வெள்ளை வெளேரென்று நிற்கும் இரண்டு அடுக்கு மாளிகை அது. தூண் வரிசைகளோடு கூடிய அகன்ற வராந்தாக்கள் இரண்டு அடுக்கிலும் உண்டு. அறைகளுக்கு, ஒரு காலத்தில் இத்துறைமுகத்துக்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களை இட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "எங்கள் கப்பல் பெரியதா, உங்கள் கப்பல் பெரியதா?" என்ற வாக்குவாதம் மூன்று நாளும் ஓயவில்லை.

முதலில் கண்ணுக்குப் படுவது அலங்காரந்தான். ஆனால் ஒரு பகல் முழுவதும் அங்கே இருந்து பார்த்தால், அலங்காரமாகத் தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்வது விளங்கும். வராந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது ஏறி வெயில் உயரத்திலிருந்து அடிக்கும்போது, அது உள்சுவரைத் தொடாமல் வராந்தாத் தரையோடு நின்றுவிடுகிறது. சுவர் சுடாததால் அறை சுடுவதில்லை. சுவர்களோ மிகவும் தடிமனானவை. பகலில் உண்ட வெப்பத்தை அவை மெதுவாகவே உள்ளே விடும். அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நடுப்பகலில் நிலம் காய்ந்து அதன்மேல் உள்ள காற்று மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. இதைத்தான் நாம் கடற்காற்று என்கிறோம். எதிரெதிரே வாசல்களும் ஜன்னல்களும் வைத்த வீட்டில், அந்தக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. உயர்ந்த கூரைக்குக் கீழே சூடான காற்று மேலே தங்கிவிட, மனிதர் நடமாடும் உயரத்தில் குளுமை நிலவுகிறது. இந்தக் காலத்துச் சௌகரியமான ஏர்கண்டிஷனர் அங்கேயும் உண்டு. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு அதை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதே சுகமாக இருந்தது. தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜூன் மாதத்து அனல் காற்றில் கூலரை நம்பிக் காலம் தள்ளும் நமக்கு, இயந்திரம் இல்லாமலே ஒரு வீடு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது ஓர் அதிசயமாகவே தோன்றியது.

தரங்கம்பாடியின் பழைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றி, மணலுடன் சேர்த்து அரைத்துப் பக்குவப்படுத்தும் கலவை அது. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். இத்தகைய வீடுகளில் மேல்தளம் போடும் முறையும் தனியானது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பிக் கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்.

கடலோரத்தில் இந்தச் சுண்ணாம்பு வேலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அந்த உப்பு எட்டினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சுவரில் துருப்பிடிப்பதற்குக் கம்பி இல்லை. மேலும் அது ஈரத்தை உறிஞ்சினாலும் வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். உப்பு மேற்பூச்சில் பூத்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். அதாவது இந்த வீடு என்றும் அழியாதது அல்ல. ஆண்டுதோறும் கொஞ்சம் அழிந்து, ஆண்டுதோறும் கொஞ்சம் சீராவது. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்று பழைய வீடுகள் நிற்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

கடல் கேட்ட விலை

கடலை வெறும் காட்சியாக மட்டும் நினைத்துப் பேசுவது நியாயமாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இந்த மாளிகை விடுதியாகச் சீர்பட்ட காலத்தை ஒட்டியே அந்தக் கொடுமை நேர்ந்தது. மாளிகை நின்றது. ஆனால் பக்கத்திலேயே இருந்த மீனவர் குடியிருப்பில் வீடுகளும் படகுகளும் போயின, உயிர்களும் போயின. பிறகு மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நாங்கள் காலையில் வராந்தாவில் அமர்ந்து காப்பி அருந்துகையில், கட்டுமரங்களும் இயந்திரப் படகுகளும் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரே கடல், வராந்தாவில் இருப்பவனுக்கு விடுமுறை, படகில் இருப்பவனுக்குப் பிழைப்பு. குழந்தைகளுக்கு இதை எடுத்துச் சொன்னோம். அவர்கள் அறைகளின் கப்பல் பெயர்களை விட்டுவிட்டுப் படகுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இது அதிகாரத்தின் வீடு. ஒரு காலத்தில் நம் முப்பாட்டனார்கள் மனுக் காகிதத்துடன் இதன் படிக்குக் கீழே காத்து நின்றிருக்கக்கூடும். அவர்கள் ஏறாத படியில் இன்று வாடகை கொடுத்த எவரும் ஏறலாம். கட்டடம் அதுவேதான், அதன் கதவு திறந்திருப்பதுதான் வித்தியாசம்.

பாட்டியம்மாள் கேட்ட கேள்வி

எங்களுடன் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மாளும் வந்திருந்தார். கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு இளம் வயதிலேயே தில்லிக்கு வந்து, கரோல் பாகில் குடித்தனம் நடத்தியவர். குடந்தைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய புக்ககத்து வீடு இருக்கிறது. மகன்கள் மூவர். ஒருவர் தில்லியில், ஒருவர் பூனாவில், ஒருவர் அமெரிக்காவில். வீடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது.

இரண்டாம் நாள் மாலை அந்த அம்மாள் மாளிகைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, நம்ம கூடத்துச் சுவரும் இப்படித்தானே இருக்கும்? தொட்டா ஜில்லுனு?"

"ஆமாம் அம்மா. ஆனால் இப்போ எந்த நிலையில இருக்கோ! இந்தத் தடவையாவது கொடுத்துடலாம்னு அண்ணா சொல்றார். தரகர் மறுபடியும் வந்து கேட்டாராம்."

"யாரோ வெள்ளைக்காரன் இருந்த வீட்டுல மூணு நாள் இருக்கறதுக்கு இவ்வளவு பணம் கொடுக்கறோம். அந்தப் பணத்துல நம்ம வீட்டுக்குக் கொஞ்சம் ஓடாவது மாத்தியிருக்கலாமேடா."

மகன் பதில் சொல்லவில்லை. எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வி அவர் ஒருவரை மட்டும் நோக்கியதல்ல. தில்லித் தமிழரில், ஊரில் ஒரு பூட்டும் தில்லியில் அதன் சாவியும் வைத்திருப்பவர் எத்தனை பேர்!

மறுநாள் தரங்கம்பாடியின் பொற்கொல்லர் தெருவைச் சுற்றி வந்தோம். அங்கே சாதாரணத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த சிறு வீடுகள் பலவற்றை, ஆழிப்பேரலைக்குப் பின், டென்மார்க் அறநிதி ஒன்றின் உதவியுடன் இன்டாக் அமைப்பினர் பழைய முறையிலேயே சீர்படுத்தியிருக்கிறார்கள். திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, நடுவே வானத்தைப் பார்க்கும் முற்றம் ஆகிய யாவும் நமக்குத் தெரிந்தவைதாம். கலெக்டர் மாளிகையின் வராந்தா செய்யும் வேலையைத்தான் இங்கே திண்ணையும் தாழ்வாரமும் செய்கின்றன. உயர்ந்த கூரை செய்யும் வேலையை முற்றம் செய்கிறது. சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடுகிறது. துரைமார் வீட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை நம் கொத்தனாரும் தச்சரும் கட்டிய வீட்டுக்கும் கொடுக்கலாம் என்பதை அந்தத் தெரு கண்கூடாகக் காட்டுகிறது.

பூட்டுத்தான் பகை

'குடியில்லாத வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும்' என்பார்கள். பழைய வீட்டுக்குப் பகை கடலும் அல்ல, மழையும் அல்ல, பூட்டுத்தான். மனிதர் வசிக்கும் வீட்டில் ஓர் ஓடு விலகினால் அன்றே தெரியும், மறுநாளே சரியாகிவிடும். பூட்டிய வீட்டில் அதே ஓடு ஓர் ஐப்பசி மழைக்கு உத்தரத்தை நனைக்கும். இரண்டாவது மழைக்கு அது உளுக்கும். நான்காவது மழையில் கூரையே இறங்கும். தரங்கம்பாடி மாளிகையும் ஆளின்றிக் கிடந்த காலத்தில் சிதிலமாயிற்று. ஆள் வந்தபின் பிழைத்தது. ஒரு வீட்டைக் காப்பாற்றுவது பணம் மட்டும் அல்ல, புழக்கம்.

இதற்கு நம்மவர் சொல்லும் சமாதானங்கள் பொய்யானவை அல்ல. உத்தியோகத்தை விட்டு ஊரில் போய் உட்கார முடியாது. பங்காளிகளுக்குள் ஒத்துவராது. சில வீடுகள் கை மீறிப் போய்விட்டன. அவற்றை விற்பதே விவேகம். பழைய வீட்டைப் பற்றி ஏங்குகிறவர்கள், அந்தத் திண்ணை எல்லா ஜாதியாருக்கும் இடம் கொடுத்ததில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், இன்னும் நல்ல நிலையில் இருக்கும் வீடுகளை, முடிவு செய்யாமல் இருப்பதாலேயே இழந்துவிடுகிறோமே, அதைத்தான் தவிர்க்கவேண்டும் என்கிறோம்.

ஊரில் வீடு உள்ள அன்பர்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்டுதோறும் புரட்டாசிக்குள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், கூரை ஓட்டைப் பார்த்து மாற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்யவேண்டும். சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்தால் மேலே வெட்டுவதோடு நில்லாமல் வேரோடு எடுக்கவேண்டும். இல்லையேல் வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும். மாதம் இருமுறை கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டால் கறையானும் பூஞ்சணமும் அண்டுவது குறையும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசக் கூடாது. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் சேர்ந்து செங்கல்லை அரிக்கும். பூச்சு பொரிந்து விழும். பட்டா, மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே சீர்செய்து, பங்காளிகள் ஒருமுறை கூடி உட்கார்ந்து, வைத்துக்கொள்வதா விற்பதா என்று தீர்மானித்துவிடுவது எல்லாவற்றிலும் முக்கியம்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் புழக்கத்துக்கு வழி தேடவேண்டும். ஊர்ப் பிள்ளைகள் மாலையில் படிக்க ஓர் இடமாக, ஒரு சிறு நூல்நிலையமாக, பாட்டு வகுப்பாக, அல்லது வெளியூர்க் குடும்பங்கள் தங்கிச் செல்லும் இல்லமாக அது பயன்படலாம். அன்று சிலருக்கு மட்டும் திறந்த திண்ணை அப்போது எல்லோருக்கும் திறக்கும். யோசனை கேட்பதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே 1984இல் தோன்றிய இன்டாக் அமைப்பின் தலைமை அலுவலகம் நம் தில்லியில், லோதி எஸ்டேட்டில்தான் இருக்கிறது.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சொல்லி வைத்தவர்கள், கட்டிய வீட்டைக் காத்துப்பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள் போலும். அந்தப் பாட்டியம்மாளின் குடும்பத்தார் இன்னும் விற்கவில்லை. மூன்று சகோதரர்களும் வருகிற தை மாதம் ஊரில் கூடுவதாக இருக்கிறார்கள். என்ன முடிவு செய்வார்களோ, அது அவர்கள் விருப்பம். ஆனால் சென்ற புரட்டாசியில் கூரைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுக்கும்போது, உங்கள் பீரோவில் உள்ள சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் போதும். கதவைத் திறந்து, முற்றத்தில் விளக்கேற்றி, ஓர் இரவு அங்கேயே படுத்து எழுந்து வாருங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.